பார்த்ததுக்குக் காசா? முன்சில்லுச் சத்தம் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்



கார் வைத்திருக்கிற நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம் ஒன்று இருக்கிறது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வளவுக்குள்ளிருந்து வாகனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வெளியே போகும் நேரம் காது கொடுத்துக் கேட்டால் விளங்கும். ஸ்டியரிங்கை முழுதாக வெட்டி மெதுவாக எடுக்கும்போது முன்சில்லுப் பக்கமிருந்து "டக்... டக்... டக்... டக்". வீதிக்கு ஏறி நேராக ஓடத் தொடங்கியதும் நின்றுவிடும். நின்றுவிடுவதால் மறந்தும் போகும்.

இந்தச் சத்தம் விடயத்தில் நம்மிடையே இரண்டு கட்சி. ஒன்று, ரேடியோவைக் கூட்டி வைக்கிற கட்சி. மற்றது, அடுத்த நாளே கராஜில் சாவியைக் கொடுத்து "சத்தம் வருது பாஸ், என்னென்ன மாத்தணுமோ மாத்துங்க" என்று சொல்லிவிட்டு வருகிற கட்சி. இரண்டாவது கட்சிதான் பொறுப்பானவர்கள் போலத் தெரியும். ஆனால் காசை அதிகம் இழப்பது அவர்கள்தான் என்பது நம் அபிப்பிராயம். சில நேரம் காசு போகும், சத்தம் போகாது.

நமக்குத் தெரிந்த ஒரு காக்காவின் எப்.பி. 15 சன்னிக்கு முதலில் ரெக் எண்ட் மாற்றினார்கள். சத்தம் இருந்தது. பிறகு போல் ஜொயின்ட். சத்தம் இருந்தது. பிறகு முன் ஷொக் அப்சோபரின் மேல் மவுண்ட். அதற்கும் சத்தம் மசியவில்லை. கடைசியில் வேறொரு கராஜில் சின்னப் பொடியன் ஒருவன் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக வெட்டச் சொல்லி, போன் லைட்டைச் சில்லுக்குப் பின்னால் அடித்துப் பார்த்தான். பூட் றப்பர் வட்டமாகக் கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் முழுக்க ரிம்மின் உட்பக்கத்தில் அப்பியிருந்தது. அவன் பார்த்தது ஒரு நிமிடமும் இல்லை. அதற்கு முன் மாற்றிய 3 சாமானுக்கும் காக்கா கொடுத்த காசு, பிள்ளையின் டியூஷன் காசுக்கு வைத்திருந்தது.

அந்த 3 சாமானும் பழுதாகவே இருக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. பழைய கார், கொஞ்சம் தேய்ந்துதான் இருந்திருக்கும். ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு அவை விடை அல்ல. வகுப்பில் கணக்குக்கு விடையை மட்டும் எழுதி வைக்கிற பிள்ளைக்கு முழுப் புள்ளி போடுவதில்லை, செய்கை எங்கே என்று கேட்கிறோம். கராஜில் மட்டும் செய்கை கேட்பதில்லை.

இது இப்போது சின்ன விடயம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்கான கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். வந்த பிறகும் வரியோடு விலையைக் கேட்டால் பெரும்பாலானோர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம். ஆகவே நம் வீட்டு வாசலில் நிற்பது, ஜப்பானில் சில வருடம் ஓடி, இங்கே வந்து பத்து, பதினைந்து வருடம் ஓடிய கார். றப்பர் வயதுக்கே வெடிக்கிற சாமான், ஓடாமல் நின்றாலும் வெடிக்கும். வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை செய்கிறோம், ஆனால் அது புகையைத்தான் பார்க்கும். சில்லுக்குப் பின்னால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அது விளங்கினால் மற்றதெல்லாம் இலகு.

ஒரு காலத்தில் நம்மூரில் ஓடிய மொரிஸ் மைனரில் எஞ்சினின் இழுவை பின்சில்லுக்குப் போனது. முன்சில்லுக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். இப்போது நாம் ஓட்டுகிற அல்டோ, வேகன் ஆர், விட்ஸ், அக்வா, அக்ஸியோ, ஃபிட், சன்னி எல்லாமே முன்சில்லு இழுக்கிற கார்கள். ஒரே சில்லு திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும், அதே நேரம் இழுக்கவும் வேண்டும். இதற்காகக் கியர் பொக்ஸிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு ஷாஃப்ட் போகின்றன. ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜொயின்ட். சில்லுப் பக்கம் இருப்பது வெளி ஜொயின்ட், கியர் பொக்ஸ் பக்கம் இருப்பது உள் ஜொயின்ட். இவற்றைத்தான் சி.வி. ஜொயின்ட் என்கிறோம்.

வெளி ஜொயின்டுக்குள் பெரும்பாலும் 6 இரும்புக் குண்டுகள் இருக்கும். கிண்ணம் போன்ற ஒன்றின் உள்ளே வெட்டப்பட்ட தவாளிப்புகளில் அவை ஓடும். குண்டுகள் விலகாமல் பிடித்திருக்க நடுவில் ஒரு கூடு. இந்த அமைப்பை உருவாக்கியவர் 1920களில் அமெரிக்காவில் போர்ட் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த ஆல்ஃபிரட் ஷெப்பா. 1959ல் வந்த மினி கார் இதைப் பாவித்த பிறகுதான் சின்னக் கார்களில் இது சர்வசாதாரணமானது. அவ்வளவு பழைய, அவ்வளவு நல்ல சாமான். கிரீஸ் உள்ளேயே இருந்து, மண் வெளியேயே இருந்தால் காரின் ஆயுளுக்கே தாங்கக்கூடியது.

கிரீஸை உள்ளேயும் மண்ணை வெளியேயும் வைத்திருப்பது மடிப்பு மடிப்பான அந்த ஒரு பூட் றப்பர்தான். அது வெடித்தால், சில்லு சுற்றுகிற வேகத்தில் கிரீஸ் வெளியே விசிறப்படும். தண்ணீரும் மணலும் உள்ளே போகும். நம் கரையோர ஊர்களில் வீட்டு ஒழுங்கைகள் எல்லாம் மணல். அறுவடைக் காலத்தில் வயல் பக்கக் கிறவல் வீதியில் போனால் தூசி வேறு. கிரீஸ் இல்லாத இடத்தில் மணல் சேர்ந்தால் அது அரைக்கிற பசைதான். குண்டு ஓடுகிற தவாளிப்பில் சின்னச் சின்னக் குழி விழும். நேராக ஓடும்போது குண்டு அதிகம் அசையாது. ஆகவே சத்தம் இல்லை. சில்லைத் திருப்பினால் ஒவ்வொரு சுற்றுக்கும் குண்டு தவாளிப்பில் முன்னும் பின்னும் ஓட வேண்டும். அப்போது குழியில் விழுந்து ஏறுகிறது. அதுதான் அந்த "டக்".

அதாவது, சத்தம் பிந்தி வருகிற செய்தி. முந்தி வருகிற செய்தி றப்பர் கிழிந்தது. கிழிந்ததை அப்போதே கண்டால் சின்னச் செலவு. சத்தம் கேட்ட பிறகு பெரிய செலவு.

இனி ரேடியோக் கட்சிக்கு ஒரு வார்த்தை. "நம்ம கார் ரெண்டு வருஷமா டக் டக்குன்னுதான் ஓடுது, ஒண்டும் ஆகல்ல" என்று சொல்வார்கள். பொய் சொல்லவில்லை. சிலதுக்கு அப்படித்தான் ஓடும். இன்னும் எத்தனை மைல் ஓடும் என்று எந்த பாஸாலும் சொல்ல முடியாது, பிரச்சினை அதுதான். ஜொயின்ட் உடைந்தால் என்ன நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. எஞ்சின் ஓடும், கியர் விழும், கார் நகராது. இழுவை முழுவதும் உடைந்த பக்கம் போய்ச் சும்மா சுற்றும். அதைவிட முக்கியம், ஒட்டோ கியர் கார்களில் பீ போட்டாலும் கார் நிற்காது. பீ பூட்டுவது கியர் பொக்ஸை. கியர் பொக்ஸுக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு பக்கம் தொடர்பு அறுந்துவிட்டால், அந்தப் பூட்டு சில்லுகளைப் பிடிக்காது. மெனுவல் காரை முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். ஹேண்ட்பிரேக் மட்டும்தான் பிடிக்கும்.

இப்போது மஹியங்கனை தாண்டி 18 வளைவை நினைத்துப் பாருங்கள். கண்டிக்குக் கிளினிக் போகிறவர்கள், ஏப்ரல் லீவுக்கு நுவரெலியா போகிறவர்கள் என்று நம் பக்கத்துக் கார்கள் ஏறுகிற வழி அது. நாலைந்து பேரும் பொதியும் ஏற்றி, கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை வெட்டி, எக்ஸலேட்டரையும் மிதிக்கிற இடம். வெளி ஜொயின்டுக்கு ஆகப் பெரிய பாரம் விழுவது சரியாக அந்த நிலையில்தான். மணல் ஒழுங்கையில் டக் என்று சொல்லிக்கொண்டிருந்தது உடைவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. உடைந்த பிறகு, பழக்கத்தில் பீயைப் போட்டுவிட்டு இறங்கி பொனட்டைத் திறக்கப் போகிறவரின் பின்னால் உம்மாவும் பிள்ளைகளும் காருக்குள் இருப்பார்கள். ஹேண்ட்பிரேக் இழுக்காவிட்டால் அந்தக் கார் இறக்கத்தில் போகும். மலைக்குப் போகிற ஆட்கள் சில்லுக்குக் கொடுக்க ஒரு மரக்கட்டையை டிக்கியில் போட்டுக்கொண்டு போவது நல்லது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குக் கராஜ் கூடத் தேவையில்லை.

தார் அல்லது கொங்கிரீட் போட்ட, சமமான, சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியாத ஓர் இடம் வேண்டும். மணலில் செய்ய வேண்டாம், சில்லு வழுக்கினால் பாரம் விழாது, சத்தமும் சரியாகக் கேட்காது. பக்கத்தில் ஒரு மதில் இருந்தால் இன்னும் நல்லம், சத்தம் திரும்பி வரும். ஏசியையும் ரேடியோவையும் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்குங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக வெட்டி, நடக்கிற வேகத்தில் வட்டமாகப் போங்கள். போகும்போது எக்ஸலேட்டரை லேசாக மிதியுங்கள், பிறகு காலை எடுங்கள். மிதிக்கும்போது சத்தம் கூடி, காலை எடுக்கும்போது குறைந்தால், சில்லின் வேகத்தோடு டக் டக் விரைவாகவும் மெதுவாகவும் மாறினால், வெளி ஜொயின்ட் என்பதற்கு அது பெரிய சாட்சி. அதே வட்டத்தை ரிவர்ஸில் போடுங்கள். முன்னால் போகும்போது மெல்லியதாக இருந்த சத்தம் ரிவர்ஸில் நன்றாகக் கேட்பதும் உண்டு. பிறகு மற்றப் பக்கம் வெட்டி இதையே செய்யுங்கள். ஒருவர் வெளியே தள்ளி நின்று கேட்டால் எந்தப் பக்கம் என்று சொல்லலாம். உள்ளே இருப்பவருக்குச் சத்தம் பொடி வழியாக வருவதால் பக்கம் மாறித் தெரியும்.

பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தி, முன்சில்லு வெட்டியபடியே இருக்க, சில்லுக்குப் பின்னால் லைட் அடியுங்கள். காருக்கு அடியில் போக வேண்டாம், குனிந்தாலே தெரியும். றப்பர் மடிப்புகளுக்கு இடையில் வெடிப்பு இருக்கிறதா, கிளிப் கழன்றிருக்கிறதா, ரிம்மின் உட்பக்கத்தில் கறுத்த கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். நேராக நிற்கும்போது மூடியிருக்கிற வெடிப்பு, சில்லை வெட்டினால்தான் வாய் திறக்கும். டயர் மாற்றக் கழற்றும்போதெல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

கராஜுகளில் சொல்கிற ஒரு வாய்ப்பாடு உண்டு: வலது பக்கம் வெட்டினால் சத்தம் வந்தால் இடது ஜொயின்ட், இடது பக்கம் வெட்டினால் வலது ஜொயின்ட். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. வளைவில் வெளிப்பக்கச் சில்லில் பாரம் கூடும். ஆனால் முழுதாக வெட்டினால் உட்பக்கச் சில்லுதான் அதிகம் திரும்பும், அந்தப் பக்க ஜொயின்ட்தான் அதிகம் மடியும். ஆகவே அந்த வாய்ப்பாடு துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை. அதை மட்டும் நம்பி ஒரு பக்க ஷாஃப்டை வாங்கிப் போட்டுவிட்டு, பிறகு மற்றப் பக்கத்தையும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சத்தத்தைப் போல நடிக்கிற மற்றச் சத்தங்களும் உண்டு. கார் நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் "டங்" என்று கேட்டால் அது சி.வி. ஜொயின்ட் இல்லை. சில்லு சுற்றாமல் குண்டு ஓடாது. அது பெரும்பாலும் ஷொக்கின் மேல் மவுண்ட் பக்கம். பம்ப்பில் ஏறி இறங்கும்போது மட்டும் கொட கொட என்றால் லிங்க் றொட், போல் ஜொயின்ட், புஷ் பக்கம் தேட வேண்டும். வேகத்தோடு "ஊ..." என்று ஊதி, வளைவில் கூடிக் குறைந்தால் சில்லு பெயரிங். நேராக எக்ஸலேட்டர் மிதிக்கும்போது முன்பக்கம் நடுங்கி, சீராக ஓடும்போது நின்றால் உள் ஜொயின்டைச் சந்தேகிக்கலாம். அது டக் டக் என்று பேசாது, நடுங்கும். நேராக ஓடும்போதும் திரும்பும்போதும் ஒரே மாதிரி டிக் டிக் என்றால் முதலில் டயர் பூவுக்குள் கல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், ஒரு கிறவல் கல்லுக்காக எத்தனை பேர் கராஜுக்குப் போயிருக்கிறார்கள். சில்லு மூடி தளர்ந்தாலும் சத்தம் போடும். சில்லு நட் தளர்ந்தாலும் போடும். இந்தக் கடைசியை மட்டும் நாளைக்கு என்று விட முடியாது, டயர் மாற்றிய அன்றே சத்தம் தொடங்கியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி நட்டை இறுக்குங்கள்.

ஹை ஏஸ், டவுன் ஏஸ், எவரி வைத்திருக்கிறவர்கள் இந்தப் பதிவை வைத்துக்கொண்டு முன்சில்லில் தேட வேண்டாம். பொதுவாக அவை பின்சில்லு இழுக்கிற வாகனங்கள். அவற்றின் கதை வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காரை ஜக் வைத்துத் தூக்கி, ஷாஃப்டைக் கையால் பிடித்து உள்ளேயும் வெளியேயும் தள்ளிக் காட்டி, "பாருங்க ஹாஜியார், எவ்வளவு ஆடுது" என்று சொல்வார்கள். பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும். உள் ஜொயின்ட் உள்ளே வெளியே போய் வருவதற்காகவே செய்யப்பட்டது. சில்லு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய வேண்டாமா? அந்த ஆட்டம் பழுது இல்லை, அதன் வேலை. பார்க்க வேண்டியது, வெளி ஜொயின்டுக்குப் பக்கத்தில் ஷாஃப்டைப் பிடித்து முறுக்கும்போது சில்லு அசையாமல் ஷாஃப்ட் மட்டும் தளர்வாகச் சுற்றுகிறதா என்பதை. அதையும் இரண்டு பக்கமும் செய்து ஒப்பிட்டால்தான் விளங்கும்.

இங்கேதான் நம் உண்மையான பிரச்சினை இருக்கிறது. பாஸ்மாரைத் திட்டுவது இலகு. "எல்லாம் கள்ளனுகள்" என்று தேநீர்க் கடையில் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு பாஸ் அரை மணித்தியாலம் செலவழித்து, காரை வட்டம் அடித்து, ஜக் ஏற்றி, நாலு இடம் தட்டிப் பார்த்து, கடைசியில் "ஒண்டுமில்ல, டயரில கல்லு" என்று கல்லை எடுத்துக் கையில் தந்தால் நம்மவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள்? "ஜஸாக்கல்லாஹ் பாஸ்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் கூலி கேட்டால் "பார்த்ததுக்குக் காசா?" என்று முகம் மாறுகிறது. அதே அரை மணித்தியாலத்தில் அவர் ஒன்றும் பார்க்காமல் ஒரு லிங்க் றொட்டைக் கழற்றி மாற்றியிருந்தால் சாமானில் ஒரு லாபம், பூட்டியதற்கு ஒரு கூலி, மேலே ஒரு நன்றி. சரியாகப் பார்த்தவன் வெறுங்கையோடு போகிறான், குருட்டாம்போக்கில் மாற்றியவன் உழைக்கிறான். கொஞ்சக் காலம் போனால் எந்த பாஸ் பார்ப்பான்?

டொக்டரைச் சேனல் பண்ணும்போது பார்த்ததுக்குத்தான் காசு கொடுக்கிறோம். "உங்களுக்கு ஒண்டுமில்ல, தண்ணிய நல்லாக் குடிங்க" என்று மருந்தே எழுதாமல் அனுப்பினாலும் கொடுத்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறோம். அறிவுக்குக் கூலி உண்டு என்பதை வெள்ளைக் கோட்டுக்கு ஒப்புக்கொள்கிறோம், கிரீஸ் படிந்த கைக்கு ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

ஆகவே நம் கருத்து இதுதான்: கராஜுக்குப் போகும்போது "மாத்துங்க" என்று சொல்ல வேண்டாம். "பார்த்துச் சொல்லுங்க பாஸ், பார்த்த கூலிய தனியா எடுங்க. மாத்திறதெண்டா எனக்குக் காட்டிப் போட்டு மாத்துங்க" என்று சொல்லுங்கள். அந்தக் கூலி எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மாற்றியதும் பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஜொயின்டைத் துடைத்து, கிண்ணத்தின் உள்ளே விரலை ஓட்டினால் குழி இருக்கிறதா இல்லையா என்று விரலே சொல்லும். இதைக் கேட்டுக் கோபப்படுகிற பாஸும் இருப்பார். சந்தோஷப்படுகிறவரும் இருப்பார். அந்த இரண்டாமவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

"இந்தக் காலத்தில பார்த்ததுக்கும் காசு, மாத்தினதுக்கும் காசு எண்டா எங்க போறது" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விலைவாசி எல்லோருக்கும் தெரியும். ஆனால் தேவையில்லாத ஒரு சாமானின் விலையையும் அதைப் பூட்டிய கூலியையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்தத் தொகைக்கு எத்தனை தடவை பார்க்க வைக்கலாம்!

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். றப்பர் கிழிந்திருக்கிறது, சத்தம் இன்னும் இல்லை, உள்ளே மணலும் துருவும் இல்லை என்றால் ஜொயின்டைக் கழற்றி நன்றாகக் கழுவி, புது றப்பரும் கிளிப்பும் போட்டு, அதற்குரிய கறுப்பு நிற மொலிப்டினம் கிரீஸை அடித்தால் போதும். கையில் கிடைக்கிற எந்தக் கிரீஸையும் அடிக்கக் கூடாது. சத்தம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் புது றப்பர் போடுவது காசை வீணாக்குவது. குழி விழுந்த இரும்பைக் கிரீஸ் நிரப்பாது. ஜொயின்டை அல்லது முழு ஷாஃப்டை மாற்ற வேண்டும். பஞ்சிகாவத்தையில் பாவித்த ஜப்பான் ஷாஃப்டும் இருக்கும், மலிவான புதுசும் இருக்கும். பாவித்ததை எடுத்தால் அதன் றப்பரை நம்ப வேண்டாம், பூட்டுவதற்கு முன்பே புதுசு போட்டுவிடுங்கள். எதை எடுத்தாலும் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பல்லை எண்ணிப் பாருங்கள். ஏ.பி.எஸ். உள்ள பல கார்களில் வெளி ஜொயின்டைச் சுற்றி ஒரு பல் வளையம் இருக்கும். அது இல்லாத ஜொயின்டைப் போட்டால் சத்தம் போய், டாஷ்போர்டில் லைட் வரும். ஷாஃப்டைக் கழற்றும்போது கியர் ஒயில் கொட்டும், அளவு பார்த்து நிரப்பினார்களா என்று கேளுங்கள்.

விற்கிற விடயத்தையும் விட்டுவிட முடியாது. டக் டக் சத்தம் போடுகிற காருக்குத் தடித்த கிரீஸை அடைத்துக் கொஞ்ச நாளுக்கு ஊமையாக்கி, கழுவி, பளபளவென்று படம் எடுத்து "ஒரு சத்தமும் இல்லை" என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்ததை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்றுதான் அங்கே கேட்கப்பட்டது. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று சொல்லப்படவில்லை. சத்தம் போடுகிற காரையும் விற்கலாம். "முன்னால இடப்பக்கம் ஜொயின்ட் போயிருக்கு, அதுக்குத்தான் இவ்வளவு குறைச்சிருக்கன்" என்று சொல்லி விற்கலாம். வாங்குகிறவரும் வீதியில் நேராக ஓட்டிப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்காமல், வளவுக்குள் இரண்டு பக்கமும் இரண்டு வட்டம் அடித்துப் பார்க்கட்டும். ரிவர்ஸிலும் அடிக்கட்டும். வட்டம் அடிக்க விடாத ஆளிடம் கார் வாங்க வேண்டாம்.

நம்மூரில் ஒரு பாஸ் கொஞ்ச நாளைக்கு முன் கராஜ் சுவரில் சோக்கட்டியால் "செக் பண்ண" என்று எழுதி, பக்கத்தில் ஒரு தொகையும் போட்டார். முதல் வாரம் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் அதற்குக் கீழேயே "பார்த்தால் ப்ரீ" என்று எழுதிவிட்டும் போனார். போன கிழமை நாம் போனபோது அந்தக் கீழ் வரி அழிந்திருந்தது, மேல் வரியைப் பெயின்றால் எழுதியிருந்தார். வாசலில் 3 கார்கள் நின்றன. ஒன்றுக்கு அடியில் இருந்தபடியே அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரப்பர்தான் சேர், ஜொயின்ட் நல்லாயிருக்கு. ஷாஃப்ட் வாங்கிப் போடாதீங்க."